நரம்புச் சிலந்தியின் வழி கண்டவர்

மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தபோது அவருக்கு வயது 29. கணித மேதை இராமாநுசன் 1920இல் மறைந்தபோது வயது 32. இளமையிலேயே நம்மை விட்டுப் பிரிந்த இவர்களை நம் மாணவர் அனைவரும் அறிவர். பட்டுக்கோட்டையாரைப் போலவே 29 வயதில், ஆல்ப்ஸ் மலையின் பனிப்புயலில் உயிர் நீத்த ருஷ்ய இளைஞர் ஒருவரை நம்மில் பலர் அறியோம். அலெக்ஸி பாவ்லோவிச் பெட்சென்கோ என்பது அவர் பெயர். பூகோளம் படித்த நண்பர்கள் பாமீர் மலையில் உள்ள பெட்சென்கோ பனியாற்றைத் தேசப்படத்தில் பார்த்திருக்கலாம். துருவப் பகுதிகளுக்கு வெளியே உள்ள மிக நீண்ட பனியாறுகளில் அதுவும் ஒன்று. நீளம் சுமார் 77 கிலோமீட்டர். ஆனால் நான் இங்கே அவரை நினைப்பது அந்தப் பனியாற்றுக்காக அன்று. ஒரு கிண்ணம் தண்ணீருக்காக.

எங்கள் தாராவித் தெருவில் ஒரு முதியவர் இருக்கிறார். தமிழ்நாட்டின் வறண்ட சிற்றூர் ஒன்றிலிருந்து இளமையில் இங்கு வந்து குடியேறியவர். அவருடைய வலது கணுக்காலுக்கு மேலே சுருங்கிப்போன தழும்பு ஒன்று உண்டு. சிறுவயதில் அதைக் கண்டு பயந்து, என்ன தாத்தா இது என்று கேட்டிருக்கிறேன். நரம்புச் சிலந்தி என்றார். சிலந்தி என்றால் எட்டுக்கால் பூச்சி என்று நினைத்துக்கொண்டு பல நாள் சுவர் மூலைகளைப் பார்த்து அஞ்சியது நினைவிருக்கிறது. பின்னர் விலங்கியல் படிக்க வந்தபோதுதான் அது ஒரு புழு என்று தெரிந்தது.

நூல் போன்ற புழு. பெண் புழு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். தடிப்போ இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒருவர் உடலுக்குள் ஓர் ஆண்டுக் காலம் ஓசைப்படாமல் வளர்ந்து, பிறகு பெரும்பாலும் காலில் வந்து தோலுக்கு அடியில் படுக்கும். அங்கே கொப்புளம் எழும்பும். நெருப்பு வைத்தது போல் எரியும். எரிச்சல் தாங்காமல் அவர் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்ததும் கொப்புளம் உடைந்து, புழு தன் தலைப்பக்கத்திலிருந்து பால் போன்ற நீரைக் கக்கும். அதில் பல்லாயிரம் குஞ்சுப்புழுக்கள் இருக்கும். வெளியே தெரியும் நுனியை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓர் அங்குலம் இரண்டு அங்குலமாக இழுத்தெடுப்பதே நம் நாட்டிலும் அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பன்னூறு ஆண்டுகளாக இருந்த வைத்தியம். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துபோகும்; கால் சீழ் வைக்கும். விதைக்கும் காலத்தில் குடும்பத் தலைவன் இப்படிப் படுத்துவிட்டால் அந்த ஆண்டு அந்த வீட்டில் உலை எரிவது எப்படி?

புழு வெளியே வரும் வழி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. உள்ளே போகும் வழி யாருக்கும் தெரியவில்லை.

இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்களில் நம் நகரத்தவர் ஒருவரும் உண்டு. பம்பாயில் படை மருத்துவராக இருந்த ஹென்றி ஜான் கார்ட்டர் 1850களில் இங்குள்ள குளங்களின் வண்டலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்தார். ஒரு பள்ளியில் 50 பிள்ளைகளில் 21 பேரை ஓராண்டுக்குள் இந்நோய் பற்றியிருந்தது. அவர்கள் குளித்த குளத்தின் வண்டலில் கண்ணுக்குத் தெரியாத சிறு புழுக்கள் நெளிவதைக் கண்டார். இவையே தோலைத் துளைத்து உள்ளே புகுந்து வளர்கின்றன என்று கருதினார். தோற்பையில் தண்ணீர் சுமந்த பிஸ்திகளுக்கு முதுகிலும் இப்புழு தோன்றியது என்பது அந்நாளில் இக்கருத்துக்கு நல்ல சான்றாகவே பட்டது. தண்ணீர் பட்ட இடத்தில் புழு. ஆகவே தண்ணீரிலிருந்து தோல் வழியாகப் புழு. எவ்வளவு எளிய முடிவு! கார்ட்டர் சோம்பேறி அல்லர்; கூர்மையான பார்வை உடையவர். அவர் பார்த்த நீரில் குற்றவாளியும் நீந்திக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அவர் தேடியது புழுவை. அது ஒளிந்திருந்த வண்டியை அன்று.

அந்த வண்டியைக் கண்டவரே பெட்சென்கோ.

அவர் 1844ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சைபீரியாவின் இர்க்குட்ஸ்க் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்கை அறிவியல் பயின்று 1864இல் தேறினார். மாணவர் சங்கம் நடத்தும் நமக்கு இங்கே ஒரு செய்தி சுவையாக இருக்கும். 1863இல், அதாவது பெட்சென்கோ இன்னும் மாணவராக இருந்தபோது, இயற்கை அறிவியல், மானிடவியல், இனவியல் ஆகியவற்றில் ஆர்வலர்களுக்கென மாஸ்கோவில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது. போக்தானோவ் முதலிய பேராசிரியர்கள் அதற்கு முன்னின்றனர். தொடங்கியவர்களுள் 19 வயதுப் பெட்சென்கோவும் ஒருவர். பின்னாளில் அவரை மத்திய ஆசியாவுக்கு அனுப்பியதும், அவர் கண்டுபிடிப்பை அச்சிட்டதும், அவர் இறந்த பிறகு அவர் தொகுத்தவற்றை நூல்களாக வெளியிட்டதும் இந்தக் கழகமே.

1867இல் அவர் ஓல்கா ஆர்ம்பெல்டு என்னும் மங்கையை மணந்தார். ஓல்கா தாவரவியலில் தேர்ந்தவர். நன்றாகப் படம் வரையவும் வல்லவர். கணவர் போன இடமெல்லாம் அவரும் போனார். பெட்சென்கோ பூச்சியும் புழுவும் திரட்டுவார். ஓல்கா செடிகொடிகளைத் திரட்டுவார். அக்காலத்தில் ருஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் முறையாகச் சேர்ந்து பட்டம் பெற வழி இல்லை என்பதை நினைத்தால் இந்த அம்மையாரின் அருமை விளங்கும்.

1868இல் ருஷ்யப் படை சமர்கண்டைக் கைப்பற்றியது. புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, என்ன வாழ்கிறது, மலைகள் எங்கே, வழிகள் எங்கே என்று அறிய ஆளுநர் காப்மன் விரும்பினார். அதற்காக மாஸ்கோக் கழகம் தேர்ந்து அனுப்பியவர் பெட்சென்கோ. பேரரசின் தேவைக்காகத்தான் அவர் அனுப்பப்பட்டார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கார்ட்டர் பம்பாய்க்கு வந்ததும் அப்படித்தானே! படையின் பின்னால் வந்த அறிவு என்றாலும் அறிவு அறிவுதான். ஆனால் அது வந்த வழியையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

துருக்கிஸ்தானத்துக்குச் சென்ற பெட்சென்கோவின் கையில் ஒரு குறிப்பு இருந்தது. அது மீனிலிருந்து கிடைத்தது.

ஜெர்மனியில் ருடால்ப் லாய்க்கார்ட் என்னும் பேராசிரியர் இருந்தார். ஒட்டுண்ணி இயலின் தந்தையருள் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம். பெர்ச் என்னும் நன்னீர் மீனின் குடலில் தொற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் சிவந்த சிறுபுழு ஒன்றை அவர் ஆராய்ந்தார். அந்நாளில் அதனைக் குக்குல்லானஸ் என்றனர். இன்று காமல்லானஸ் என்கிறோம். நம் விரால், கெளிறு முதலிய மீன்களிலும் இவ்வினப் புழுக்கள் உண்டு. வீட்டில் மீன் அரிகையில் குடலைக் கீறிப் பார்த்தால் சில வேளைகளில் செந்நூல் துண்டுபோல் நெளிவதைக் காணலாம். இந்தப் புழு ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு எப்படிப் போகிறது? மீனின் வயிற்றிலிருந்து வெளியேறும் குஞ்சுப்புழு நேராக மற்றொரு மீனில் வளர முடியாது. இடையில் அது சைக்ளாப்ஸ் என்னும் நீர்ப்பூச்சிக்குள் புக வேண்டும். அங்கே சில நாள் வளர்ந்து தோலுரித்துத் தகுதி பெற வேண்டும். பிறகு அந்தச் சைக்ளாப்ஸை மீன் தின்ன வேண்டும். இதை லாய்க்கார்ட் கண்டார். நரம்புச் சிலந்தியின் குஞ்சும் இந்த மீன்புழுவின் குஞ்சும் தோற்றத்தில் ஒத்திருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மனிதனின் புழுவுக்கும் சைக்ளாப்ஸே இடைத்தங்கலாக இருக்குமா என்று பார்க்கும்படி பெட்சென்கோவைத் தூண்டினார். ஜெர்மனியில் நரம்புச் சிலந்தி இல்லை, துருக்கிஸ்தானத்தில் ஏராளம். அங்கே அதற்கு ரிஷ்தா என்று பெயர். பாரசீக மொழியில் நூல் என்று பொருள்.

சைக்ளாப்ஸைப் பார்த்திராத பிற துறை நண்பர்களுக்காகச் சில சொற்கள். அது இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவினன். அளவு ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின். பேரிக்காய் வடிவம், நெற்றியில் ஒரே கண். ஒற்றைக்கண் அரக்கனின் பெயரைக் கிரேக்கக் கதையிலிருந்து எடுத்து இதற்கு வைத்தார்கள். குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டித் துள்ளுவது தெரியும். அவற்றுள் பெண் எது என்று அறிவது எளிது. வாலின் இரு பக்கமும் இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்துகொண்டு, தலையில் இரு குடம் தூக்கியவள் போலத் தள்ளாடி நீந்தும்.

அதை வளர்ப்பது எளிது என்று நானும் நினைத்தேன். சென்ற ஆண்டு பவாய் ஏரியிலிருந்து நீர் கொண்டுவந்து மெல்லிய துணியில் வடித்து, முட்டைப் பையோடு கூடிய பெண்களைச் சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணாடிக் கிண்ணங்களில் விட்டேன். தண்ணீர் போதவில்லை என்று குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் அத்தனையும் அடியில் வெள்ளைத் தூளாகக் கிடந்தன. குழாய் நீரிலுள்ள குளோரின் செய்த வேலை. நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து பிறகு ஊற்ற வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றேன். அடுத்த முறை வைக்கோல் ஊறிய நீரில் பெருகிய பாரமீசியத்தை உணவாகக் கொடுத்தேன். அது மிகுந்துபோய் நீர் நாறியது. மூன்றாம் முறைதான் குஞ்சுகள் பொரித்தன. மூன்று இணைக் கால்களோடு பிறக்கும் அந்தக் குஞ்சு பல முறை தோலுரித்த பிறகே சைக்ளாப்ஸின் வடிவத்தை அடைகிறது. தினந்தோறும் இறந்தவற்றை எடுக்க வேண்டும். நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். விடுமுறை நாள் என்று அவற்றுக்குத் தெரியாது. மின்விளக்கும் குளிர்சாதனமும் உள்ள கட்டடத்தில் எனக்கு இந்தப் பாடு.

பெட்சென்கோவுக்கு இவை எதுவும் இல்லை. போர் ஓய்ந்து ஓராண்டு கூட நிரம்பாத நாட்டில், ஊர் ஊராகச் செல்லும் பயணத்தின் நடுவே அவர் இந்த வேலையைச் செய்தார். 1869, 1870ஆம் ஆண்டுகளில் சமர்கண்ட் வட்டாரத்தில் நோயாளிகளின் உடலிலிருந்து வந்த குஞ்சுப்புழுக்களை, சைக்ளாப்ஸ் நீந்தும் நீரில் விட்டுப் பார்த்தார். நீண்ட வாலைச் சுழற்றி நீந்திய குஞ்சுகள் சைக்ளாப்ஸின் உடற்குழிக்குள் சுருண்டு கிடப்பதைக் கண்டார். கண்டதோடு நிறுத்தவில்லை. அந்தச் சைக்ளாப்ஸ்களைப் பல நாட்கள் உயிரோடு வைத்திருந்து, உள்ளே இருக்கும் புழு தோலுரிப்பதையும், நீண்ட வாலை இழப்பதையும், குடல் முதலிய உறுப்புகள் உருப்பெறுவதையும் தொடர்ந்து எழுதி வைத்தார். ஒரு சைக்ளாப்ஸுக்குள் பல குஞ்சுகள் ஒன்றாகப் புகுந்தால் அது பெரும்பாலும் மாண்டுவிடும்; கிண்ணத்து நீர் கெட்டாலும் மாளும். அது மாண்டால் உள்ளிருக்கும் புழுவும் போயிற்று, ஆராய்ச்சியும் போயிற்று. வண்டிமாடு பிழைத்தால்தான் வண்டி ஊர் போய்ச் சேரும். மனித நோய் ஒன்றின் புழு முதுகெலும்பில்லாத ஒரு சிற்றுயிரில் வளர்வதை இவ்வாறு முதலில் கண்டறிந்தவருள் அவர் ஒருவர். ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897இல்தான் என்பதை ஒப்பிட்டுக்கொள்க.

மக்கள் குளத்து நீரைக் குடிக்கையில் இந்தச் சைக்ளாப்ஸையும் விழுங்குகிறார்கள். அப்படித்தான் புழு உள்ளே போகிறது என்பது அவர் கொண்ட முடிவு. அதை மெய்ப்பிக்க நாய்களுக்கும் பூனைகளுக்கும் நோயுற்ற சைக்ளாப்ஸ்களை ஊட்டினார். ஒன்றுக்கும் புழு வரவில்லை. தோல்வி தோல்விதான், அதையும் அவர் மறைக்கவில்லை. 1870இல் கழகத்தின் ஏட்டில் தம் ஆராய்ச்சியை ருஷ்ய மொழியில் வெளியிட்டார். முழுச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் குறை. ருஷ்ய மொழியில் வந்ததால் மேல்நாட்டார் பலர் அதைப் படிக்கவே இல்லை. அக்கட்டுரை ஆங்கிலத்தில் முழுமையாக வெளிவந்தது 1971இல். நூறு ஆண்டு கழித்து!

அவர் மனம் இதற்குள் மலைகளை நோக்கித் திரும்பியிருந்தது. 1871இல் கோகந்து நாட்டின் வழியாக ஆலாய்ப் பள்ளத்தாக்கை ஓல்காவுடன் அடைந்தார். தெற்கே வானை மறைத்து நின்ற பனித்தொடரைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதில் ஓங்கி நின்ற சிகரத்துக்கு ஆளுநர் காப்மனின் பெயரை வைத்தார். 7,134 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் பின்னர் லெனின் சிகரமாயிற்று. 2006 முதல் தாஜிகிஸ்தானத்தார் அதை இபின் சீனா சிகரம் என்கின்றனர். சிகரங்களின் பெயர் அரசுகளோடு மாறும் போலும். அதற்கு அப்பால் பாமீர் இருந்தது. மேலே போக அம்முறை வழி கிடைக்கவில்லை. மறுபடி வருவோம் என்றே திரும்பினார்.

பாமீரில் பனியாறுகளைக் கடக்க வேண்டும். அவற்றைப் பற்றி முறையாக அறிய வேண்டும். அதற்காகவும், திரட்டிய பொருள்களை ஒப்பிட்டு ஆராயவும் ஐரோப்பா சென்றார். 1872 டிசம்பரில் லைப்சிக் நகரில் மகன் போரிஸ் பிறந்தான். லாய்க்கார்ட் பேராசிரியராக இருந்த ஊரும் அதுவே. 1873 செப்டம்பரில் பெட்சென்கோ பிரான்சின் ஷாமோனி ஊரிலிருந்து வழிகாட்டிகளோடு மோன் பிளாங் மலைமேல், கோல் டு ஜெயான் என்னும் கணவாயை நோக்கி ஏறினார். வானிலை கெட்டது. புயலில் அவர் தளர்ந்து விழுந்தார். வழிகாட்டிகள் பிழைத்து இறங்கினர். அவர் பிழைக்கவில்லை. செப்டம்பர் 15 அன்று அந்த உயிர் பனியில் அடங்கியது. அனுபவம் போதாத வழிகாட்டிகள் அவரைக் கைவிட்டு வந்தார்கள் என்ற மனக்குறை அவரைச் சார்ந்தோருக்கு இருந்தது. துருக்கிஸ்தானத்தின் பாலையிலும் மலையிலும் மூன்று ஆண்டு அலைந்தும் தப்பியவர், உல்லாசப் பயணிகள் கூடும் ஊருக்கு மேலே மாண்டார். ஷாமோனியிலேயே அவரை அடக்கம் செய்தனர்.

ஓல்காவுக்கு அப்போது வயது 27. கையில் ஒன்பது மாதமும் நிரம்பாத குழந்தை. அவர் மாஸ்கோவுக்குத் திரும்பிக் கணவரின் குறிப்பேடுகளை எடுத்து அமர்ந்தார். பெட்டி பெட்டியாக வந்திருந்த பூச்சிகளும் ஓடுகளும் செடிகளும் வல்லுநர் பலருக்குப் பகிர்ந்து தரப்பட்டன. துருக்கிஸ்தானப் பயணம் என்னும் வரிசை நூல்கள் ஆண்டுதோறும் வெளிவரலாயின. மகன் வளர்ந்து தாயைப் போலவே தாவரவியல் அறிஞரானார். 1901இல் தாயும் மகனும் பாமீருக்குச் சென்றனர். கணவர் எட்டிப் பார்த்துத் திரும்பிய மலைக்கு ஓல்கா 55 வயதில் ஏறினார். பாமீரின் தாவரங்களைப் பற்றி நூலும் எழுதினார். என்னைக் கேட்டால் பெட்சென்கோவைப் பற்றி எழுதுவோர் இந்த அம்மையாரைப் பற்றி இன்னும் மிகுதியாக எழுத வேண்டும். 1878இல் கண்டறியப்பட்ட பெரும் பனியாற்றுக்குப் பெட்சென்கோ பெயரை இட்டவர் அவருடைய நண்பர் ஓஷானின்.

சங்கிலியின் விடுபட்ட கண்ணி என்ன ஆயிற்று? முப்பது ஆண்டுக்கு மேல் அது விடுபட்டே கிடந்தது. தோல் வழிக் கொள்கையை விடாதவர் பலர் இருந்தனர். 1890களில் லண்டனில் பாட்ரிக் மான்சன் சைக்ளாப்ஸில் புழு வளர்வது உண்மையே என்று கண்டார். 1905இல் மேற்கு ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைக்கு அனுப்பப்பட்ட ராபர்ட் லைப்பர் ஒரு நுட்பமான சோதனை செய்தார். நோயுற்ற சைக்ளாப்ஸை இரைப்பை நீருக்கு ஒத்த மென்மையான அமிலத்தில் விட்டார். சைக்ளாப்ஸ் செத்தது, உள்ளிருந்த புழுவோ துடித்தெழுந்து வெளியே வந்தது. பிறகு ஒரு குரங்குக்கு வாழைப்பழத்தில் வைத்து ஊட்டினார். ஆறு மாதம் கழித்து அதன் உடலில் நரம்புச் சிலந்தி இருந்தது.

குரங்கு சரி, மனிதன்? இதற்கு விடை கிடைத்தது நம் பரேலில். மாட்டுங்காவில் ரயிலேறினால் தாதருக்கு அடுத்த நிலையம். அங்கே ஆளுநரின் பழைய மாளிகையில் 1899இல் ஹாப்கின் பிளேக் ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். 1906 முதல் அது பம்பாய் பாக்டீரியா ஆராய்ச்சிக்கூடம். 1925 முதல் ஹாப்கின் நிலையம். 1910களில் அங்கே பணியாற்றிய துர்குட் என்னும் இந்திய ஆராய்ச்சியாளர், சோதனைக்கு இசைந்த மனிதர்களுக்கு நோயுற்ற சைக்ளாப்ஸ்களை விழுங்கக் கொடுத்தார். ஏறத்தாழ ஓர் ஆண்டு கழிந்து நரம்புச் சிலந்தி வெளிப்பட்டது. இன்று எந்த ஆராய்ச்சிக் குழுவும் இத்தகைய சோதனைக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. விழுங்கியவர்கள் யார், அந்த ஓராண்டை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. ஆயினும் பெட்சென்கோ விட்டுச்சென்ற கண்ணி அந்த மாளிகையில்தான் பூட்டப்பட்டது. கார்ட்டர் குளத்தைப் பார்த்து ஐயுற்ற அதே நகரில்!

மீன் கதை இன்னும் முடியவில்லை. 1930களில் மைசூர் நாட்டின் சித்ரதுர்க்க வட்டாரத்தில் டாக்டர் வி. என். மூர்த்தி படிக்கிணறுகளை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்தில் சைக்ளாப்ஸை வளர்த்து, நரம்புச் சிலந்தி அதனுள் வளரும் ஒவ்வொரு நிலையையும் வரைந்தார். விரால் இனத்துச் சிறுமீன் ஒன்றில் காமல்லானஸ் புழுவின் புதிய வகையையும் கண்டு, அது சைக்ளாப்ஸ் வழியாகப் பரவும் வரலாற்றையும் எழுதினார். ஒரே கிணற்றில் ஒரே சைக்ளாப்ஸுக்குள் மீனின் புழுவும் இருக்கலாம், மனிதனின் புழுவும் இருக்கலாம். இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாவிட்டால் கிணற்றைப் பற்றிச் சொல்வது அத்தனையும் தவறாகும். அதனால்தான் மீன்புழுவை ஆராய்வது வீண்வேலை அன்று. மூர்த்தியும் அவருடன் உழைத்த ஸ்வீட்டும் சைக்ளாப்ஸைத் தின்னும் சிறுமீன்களைக் கிணறுகளில் விட்டு நோயைத் தடுக்கும் முறையையும் சோதித்தனர். பெட்சென்கோ தோற்ற நாய்ச் சோதனையில் அவர்கள் வென்றனர்; நாய்க்கும் புழு வந்தது.

வழி தெரிந்ததும் தடுப்பதற்கு மருந்தே வேண்டியிருக்கவில்லை. புகாராவில் 1920களில் இசாயெவ் என்னும் மருத்துவர் நகரத்துக் குளங்களை இறைத்துத் தூய்மை செய்து, 1931ஆம் ஆண்டளவில் ரிஷ்தாவை ஒழித்தார். நம் நாட்டில் படிக்கிணறுகளை மூடிக் குழாய்க் கிணறு தோண்டினர். துணியில் வடித்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்தனர். நீரில் மருந்து தெளித்துச் சைக்ளாப்ஸை அழித்தனர். 1983-84இல் தேசியத் திட்டம் தொடங்கியபோது நோய் இருந்த ஏழு மாநிலங்களுள் தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் அடங்கும். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானத்தில் பதிவானார். 2000இல் இந்தியா இந்நோயற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1986இல் உலகில் 35 லட்சம் பேரைப் பற்றியிருந்ததாக மதிப்பிடப்பட்ட நோய், 2023இல் 14 பேர் அளவுக்குக் குறைந்தது.

ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2012 முதல் ஒரு புதுமை. நோய் மனிதரை விட்டு நாய்களைப் பிடித்தது. 2019இல் அங்கே 1,900க்கு மேற்பட்ட நாய்களுக்கு நரம்புச் சிலந்தி இருந்தது. ஆற்றங்கரையில் மீன் அரிந்து எறியும் குடலைத் தின்பதால் நாய்களுக்கு வருகிறதோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றனர். சைக்ளாப்ஸை மீன் தின்ன, மீனை நாய் தின்னக்கூடும். மீன்குடலைக் குழி தோண்டிப் புதைக்கும்படி ஊராருக்குச் சொல்லி வருகின்றனர். இந்த ஐயத்தைத் தீர்க்க ஆராய்ச்சியாளர் மறுபடியும் கிண்ணங்களில் சைக்ளாப்ஸ் வளர்த்து, புழுவை ஏற்றி, மீனுக்கு ஊட்டிப் பார்க்கிறார்கள்.

சென்ற வாரம் என் கிண்ணத்துச் சைக்ளாப்ஸ்களைக் காட்ட எங்கள் தெருத் தாத்தாவை உருப்பெருக்கியின் முன் உட்கார வைத்தேன். வெகுநேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இதுதானா அது என்று கேட்டார். பிறகு வேட்டியைச் சற்றே தூக்கித் தம் தழும்பைத் தடவிக்கொண்டார்.